டைல்ஸை மாற்றிப் பதிப்பது: பாதியா, மூன்றில் ஒன்றா, அதற்கும் கீழேயா?

வீடு கட்டுகிறவர்களும் பழைய தரையை மாற்றுகிறவர்களும் இப்போது அதிகம் கேட்பது நீள டைல்ஸ். தரைக்கு 200 × 1200 மிமீ அளவில் மரப்பலகை மாதிரி வருகிற விட்ரிஃபைட், சமையலறைச் சுவருக்கு 75 × 150 அல்லது 100 × 300 மிமீ அளவில் சின்னச் சின்ன செராமிக். இரண்டையும் செங்கல் கட்டு மாதிரி, ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேராக வராமல் தள்ளிப் பதிப்பார்கள். இதைத்தான் மாற்றிப் பதிப்பது என்கிறோம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எவ்வளவு தள்ளுவது என்பதை ரசனைக்கு விட்டுவிட முடியாது, மேஸ்திரியின் பழக்கத்துக்கும் விட்டுவிட முடியாது. டைல் எவ்வளவு நீளம், எவ்வளவு வளைந்திருக்கிறது என்ற இரண்டைப் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும், அதுவும் டைல்ஸ் வாங்கும்போதே.

காரணம் எளிமையானது. சூளையில் வெந்து வருகிற டைல் எதுவும் நூற்றுக்கு நூறு தட்டையாக இருக்காது. நீளமான டைலில் பெரும்பாலும் நடுப்பகுதி லேசாகத் தூக்கியும் இரண்டு முனைகளும் தாழ்ந்தும் இருக்கும். ஓரளவு வளைவைத் தரநிலைகளே அனுமதிக்கின்றன, நாலடி டைலில் அது 2 மிமீக்கு நெருக்கமாகக்கூட வரலாம். இப்போது சரிபாதி தள்ளிப் பதித்தால் என்ன ஆகும்? ஒரு டைலின் தாழ்ந்த முனை, பக்கத்து டைலின் மிக உயரமான நடுப்பகுதிக்கு நேராகப் போய் உட்காரும். இருப்பதிலேயே பெரிய மேடு பள்ளம் அங்கேதான் விழும். வெறுங்காலில் நடந்தால் விளிம்பு தட்டும், துடைப்பத்தில் தூசி சிக்கும், சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சரிந்து விழும்போது ஒவ்வொரு முனையிலும் நிழல் கோடு தெரியும். மேஸ்திரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதை ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் கோணல் டைலிலேயே இருக்கிறது.

அதனால்தான் அமெரிக்காவில் டைல் வேலைக்கு வைத்திருக்கிற ஏஎன்எஸ்ஐ ஏ108 தரநிலை, தள்ளிப் பதிக்கிற பக்கம் 15 அங்குலத்துக்கு மேல் இருக்கிற டைலை 33 சதவீதத்துக்கு மேல் தள்ளிப் பதிக்க வேண்டாம் என்கிறது. அதைத் தாண்ட வேண்டுமென்றால் மாதிரி பதித்துக் காட்டி வீட்டுக்காரரின் ஒப்புதலை வாங்கச் சொல்கிறது. நம் ஊரிலும் பல கம்பெனிகள் பெட்டி மேலேயே எவ்வளவு தள்ளலாம் என்று படம் போட்டு விடுகின்றன. அது இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள்.

ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். டைல் ஒரு சீரான வில்லாக வளைந்திருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சரிபாதியில் பதித்தால் மேடு 1 மிமீ வருகிறது என்றால், மூன்றில் ஒன்றில் கிட்டத்தட்ட 0.9, கால்வாசியில் 0.75, ஐந்தில் ஒன்றில் 0.64, பத்தில் ஒன்றில் 0.36. பாதியிலிருந்து மூன்றில் ஒன்றுக்கு வருவதால் கிடைக்கிற லாபம் கொஞ்சம்தான், அதற்குக் கீழே போகப் போகத்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே நாலடிப் பலகைக்கு மூன்றில் ஒன்று என்பதை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். வளைவு கண்ணுக்குத் தெரிகிற டைல் என்றால் கால்வாசி அல்லது ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுவது என் பரிந்துரை.

கடையிலேயே சோதித்துப் பார்ப்பது

ஒரே பெட்டியிலிருந்து இரண்டு டைலை எடுத்து, பளபளப்பு முகம் உள்பக்கமாக இருக்கும்படி ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துங்கள். நடுவில் தொட்டுக்கொண்டு முனைகளில் இடைவெளி தெரிந்தால் அதுதான் வளைவு, இரண்டு டைலுக்கும் சேர்த்து. அளக்க உங்கள் பர்ஸில் இருக்கிற ஏடிஎம் கார்டு போதும், அதன் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். ஒரு முனையை ஒட்டிப் பிடித்துவிடாமல் இரண்டு முனையிலும் இடைவெளியைச் சமமாக விட்டு, கார்டை நுழைத்துப் பாருங்கள். ஒரு கார்டு இறுக்கமாகப் போனால் டைலுக்கு 0.4 மிமீ மாதிரி வளைவு, நல்ல டைல், தைரியமாக வாங்கலாம். இரண்டு கார்டு சேர்ந்து நுழைந்தால் டைலுக்கு முக்கால் மில்லிமீட்டர். இதைப் பாதிக்குத் தள்ளிப் பதித்தால் காலில் கட்டாயம் தட்டும், கால்வாசிக்குக் கீழே வைத்தால் சமாளிக்கலாம். மூன்று கார்டு போனால் அந்த டைலை நேர் இணைப்பில், அதாவது தள்ளாமல் இணைப்புகள் ஒரே கோட்டில் வரும்படி, மட்டும் பதியுங்கள், அல்லது வேறு டைல் பாருங்கள். இந்தச் சோதனையை மாதிரிக்கு மாட்டி வைத்திருக்கிற ஒரே ஒரு துண்டில் செய்து பிரயோஜனமில்லை. இரண்டு மூன்று பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, நீங்கள் பல வருஷம் நடக்கப்போகிற தரை அது.

அதோடு பெட்டியில் போட்டிருக்கிற பேட்ச் நம்பரும் ஷேடும் சைஸும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிப் பதிக்கும்போது சைஸில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால்கூட நாலைந்து வரிசைக்குள் இணைப்புகள் நூலை விட்டு விலகிவிடும். மர டிசைன் என்றால் ஒரே அச்சு எத்தனை விதத்தில் வருகிறது என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று விதம்தான் என்றால் ஒரே முடிச்சு, ஒரே கோடு பக்கத்துப் பக்கத்தில் வந்து, மரம் மாதிரியே தெரியாது.

எவ்வளவு வாங்குவது? நேராகப் பதிக்கும்போது சேதாரத்துக்குக் கூடுதலாக வாங்குவதைவிட மாற்றிப் பதிக்கும்போது கொஞ்சம் அதிகம் வேண்டும், 10 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள். மீன் முள் மாதிரிக் கோணலாக மாற்றி மாற்றிப் பதிக்கிற ஹெர்ரிங்போன் டிசைனுக்கு 15. உதாரணமாக 12 × 10 அடி அறை 120 சதுர அடி. 200 × 1200 பலகை ஒன்று 2.58 சதுர அடி. 120 சதுர அடிக்கு 47 பலகை, சேதாரம் சேர்த்து 52. பெட்டிக்கு 5 என்றால் 11 பெட்டி.

ஆத்தங்குடி டைல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு டைல் சேர்ந்தால்தான் ஒரு பூ முழுதாகும் டிசைன்களைத் தள்ளிப் பதித்தால் பூ உடைந்துபோகும். அதை நேர் இணைப்பிலேயே விட்டுவிடுங்கள். ஒற்றை நிற ஆத்தங்குடி என்றால் தாராளமாகப் பாதி தள்ளலாம், சின்ன டைல்தானே.

தரையில் பதிப்பது

முதலில் திசை. பலகையின் நீளம், பெரிய ஜன்னலிலிருந்து வெளிச்சம் வருகிற திசையிலேயே ஓடட்டும். தள்ளிப் பதிப்பதால் வருகிற மேடு பள்ளம் நீளப் பக்கத்து விளிம்பில்தான் விழுகிறது. வெளிச்சம் அந்த விளிம்பை ஒட்டி நீளவாக்கில் போனால் நிழல் விழாது, குறுக்கே வெட்டிப் போனால் ஒவ்வொன்றும் காட்டிக்கொடுத்துவிடும். அறையின் நீளமும் வெளிச்சத்தின் திசையும் ஒத்துப்போகாத வீட்டில் நான் வெளிச்சத்தின் பக்கம்தான் நிற்பேன்.

அடுத்து மட்டம். நீள டைலுக்குத் தரை 10 அடியில் ஒரு நூலுக்கு மேல், அதாவது 3 மிமீக்கு மேல், ஏறி இறங்கக்கூடாது. பத்தடி அலுமினிய மட்டப்பலகையை எல்லாத் திசையிலும் வைத்துப் பார்த்து, பள்ளத்தை முன்கூட்டியே நிரவி, மேட்டைத் தேய்த்துவிட்டுத்தான் பசையைக் கையில் எடுக்க வேண்டும். "பசையிலேயே லெவல் பண்ணிக்கலாம் சார்" என்பார்கள். பசை மெல்லிசாகப் பரப்புவதற்குச் செய்தது. தடிமனாகப் போட்ட இடம் காயும்போது சுருங்கி டைலை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இறங்கும், நேற்று மட்டமாக இருந்த முனை இன்று தாழ்ந்திருக்கும்.

விட்ரிஃபைட் டைல் தண்ணீரை அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. சிமெண்ட் பாலை ஊற்றி அதன் மேல் உட்கார வைத்தால் அது பிடித்துக்கொள்ள வழியே இல்லை. பாலிமர் கலந்த டைல் பசைதான் வேண்டும், ஐஎஸ் 15477 தரத்தில் டைப் 2 அல்லது அதற்கு மேல் என்று பையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பசைக்கு டைலை ஊறவைக்க வேண்டாம், பின்பக்கத் தூசியை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பசை போடுகிற விதத்தில்தான் நிறைய வீடுகளில் வேலை கெட்டுப்போகிறது. நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று வைத்து அமுக்கிவிடுவார்கள். மாற்றிப் பதித்த தரையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் காலியாக நிற்கிற முனை ஒவ்வொன்றும் பக்கத்து டைலின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிறது, கட்டில் கால் ஏறினால் அங்கேதான் உடையும். 10 அல்லது 12 மிமீ பல் கரணையால் தரையில் பசையை ஒரே திசையில், பலகையின் குறுக்குவாக்கில், கோடு கோடாகச் சீவுங்கள். டைலின் முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சுத் தடவுங்கள். வைத்த பிறகு கோடுகளுக்குக் குறுக்காக, அதாவது பலகையின் நீளவாக்கில், முன்னும் பின்னும் லேசாகத் தள்ளி அமுக்கினால் கோடுகள் சாய்ந்து காற்று வெளியேறும். முதல் இரண்டு மூன்று டைலைப் பதித்ததும் ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். அறைக்குள் என்றால் முதுகில் 80 சதவீதமாவது பசை பிடித்திருக்க வேண்டும், ஈரம் படுகிற இடத்தில் 95. மூலைகள் நாலும் கட்டாயம் நிறைந்திருக்க வேண்டும்.

இணைப்பு இடைவெளி விடாமல் ஒட்டிப் பதிக்கச் சொல்கிறவர்கள் நிறைய. கோடு தெரியாமல் ஒரே தரையாக இருக்க வேண்டும் என்கிற ஆசை புரிகிறது, ஆனால் தள்ளிப் பதிக்கும்போது அது கூடவே கூடாது. விளிம்பு சீராக வெட்டி வந்த டைலுக்கு 3 மிமீ, வெட்டாமல் வருவதற்கு 5 மிமீ ஸ்பேசர் போடுங்கள். இடைவெளி அகலமானால் அதே மேடு பள்ளம் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும், சைஸில் இருக்கிற சின்ன வித்தியாசமும் அதில் மறைந்துகொள்ளும். சுவரோரத்திலும் 6 முதல் 10 மிமீ வரை இடம் விட்டு, அதைக் கலவையால் அடைக்காமல் ஸ்கர்டிங்குக்கு உள்ளே மறையவிடுங்கள். சித்திரை வெயிலில் தரை விரிகிறபோது போக இடமில்லாமல் நடு ஹாலில் டைல்ஸ் கூடாரம் மாதிரி எழும்பி நிற்பதற்கு இந்த இடைவெளி இல்லாததும் ஒரு முக்கியக் காரணம்.

லெவலிங் கிளிப், அதாவது பக்கத்துப் பக்கத்து டைல்களை ஒரே மட்டத்தில் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப், போடச் சொல்லுங்கள். நாலடிப் பலகையின் நீளப் பக்கத்தில் மூன்று நாலு, அதில் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு பக்கமும் ஒன்று கட்டாயம் வரவேண்டும், மேடு விழுவது அங்கேதான். ஆனால் கிளிப் வளைந்த டைலை நிமிர்த்தாது. பசை இறுகுகிற வரை நகராமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். மறுநாள் கிளிப்பை ரப்பர் சுத்தியால் இணைப்பு ஓடுகிற திசையில் தட்டி உடைக்க வேண்டும், குறுக்கே தட்டினால் விளிம்பு பெயரும்.

வரிசை மாற்றுவது

மூன்றில் ஒரு பங்கை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் தரை முழுக்கப் படிக்கட்டு ஏறுகிற மாதிரிக் கோடு விழும். சிலருக்கு அது பிடிக்கும், மரத்தரை மாதிரி வேண்டுமென்றால் அது பொய் என்று உடனே தெரிந்துவிடும். ஒரு வரிசை இப்படி, அடுத்தது அப்படி என்று மாறி மாறிப் போட்டாலும் இரண்டு நேர்கோடு விழும். ஒழுங்கே இல்லாத மாதிரித் தெரிய வேண்டும், ஆனால் வரம்பைத் தாண்டக்கூடாது என்றால் கணக்கு வைத்துத்தான் கலைக்க வேண்டும். 120 செமீ பலகைக்கு ஒவ்வொரு வரிசையின் முதல் துண்டையும் 120, 85, 110, 75, 98 என்று வெட்டி ஆரம்பியுங்கள், ஐந்து முடிந்ததும் திரும்ப 120. பக்கத்து வரிசைகளுக்குள் வித்தியாசம் 22 முதல் 35 செமீக்குள் இருக்கும், 40 என்கிற வரம்பைத் தாண்டாது. ஒன்று விட்டு ஒன்று வருகிற வரிசைகளும் குறைந்தது 10 செமீ விலகியிருக்கும், கண் நேர்கோட்டைப் பிடிக்காது. இந்த ஐந்து எண்களைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்துவிட்டால் மேஸ்திரிக்கும் குழப்பம் இல்லை. ஒரு வரிசையின் கடைசியில் வெட்டி மிஞ்சிய துண்டு நீளம் சரியாக இருந்தால் அடுத்த வரிசைக்கு ஆரம்பத் துண்டாகும். வெட்டின பக்கம் சுவரைப் பார்க்கட்டும், கம்பெனி விளிம்பு உள்ளே இருக்கட்டும்.

பசை தொடுவதற்கு முன்பு இரண்டு மூன்று வரிசையைச் சும்மா பரப்பிப் பார்த்துவிடுங்கள். வாசலில் நின்று பாருங்கள், ஏனென்றால் முதலில் கண் போகிற இடம் எதிர்ச்சுவரோரம். அங்கே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீற்று வருகிறது என்றால் முதல் வரிசையைக் கொஞ்சம் அகலத்தில் வெட்டி அதைச் சமன் செய்யுங்கள். அறை மூலைமட்டத்தில் இல்லை என்பதும் இப்போதுதான் தெரியும். சுவரை நம்பி ஆரம்பிக்காமல் நடுவில் நூல் அடித்து அதிலிருந்து வாருங்கள்.

குளியலறைத் தரைக்கு நீளப் பலகை வேண்டாம். தண்ணீர் ஓட்டத்துக்கு நாலு பக்கமும் சரிவு வேண்டும், நீள டைல் அந்தச் சரிவுக்கு மடங்காது.

சமையலறைச் சுவர்

இங்கே நிம்மதி. நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் 1904இல் பதித்த வெள்ளை டைல் 3 × 6 அங்குலம், சரிபாதி தள்ளிய செங்கல் கட்டு. இன்று கடைகளில் சப்வே டைல் என்று விற்பதற்கு மூலம் அதுதான். இந்த அளவில் வளைவு ஒரு பொருட்டே இல்லை, 100 × 300 வரைக்கும் பாதி தள்ளலாம்.

சுவரில் கவனிக்க வேண்டியது ஓரத் துண்டு. 300 மிமீ டைல், 2 மிமீ இணைப்பு, மொத்தம் 302. சுவர் 2500 மிமீ நீளம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கோடு போட்டு, ஒரு வரிசையில் இணைப்பு நடுக்கோட்டிலும் அடுத்ததில் டைலின் மையம் நடுக்கோட்டிலும் வருமாறு ஆரம்பித்தால், முதல் வரிசையில் பக்கத்துக்கு நாலு முழு டைல் போக ஓரத்தில் 42 மிமீ கீற்று வரும். வெட்டும்போதே பாதி உடையும், உடையாமல் பதித்தாலும் அசிங்கமாக இருக்கும். தொடக்கக் கோட்டை நடுவிலிருந்து கால் டைல், அதாவது 75 மிமீ, வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். அப்போது ஒரு வரிசையில் ஓரத் துண்டுகள் 117, 269 என்றும் அடுத்ததில் 268, 118 என்றும் வரும். கீற்றே கிடையாது. எந்தச் சுவரிலும் நடுக்கோட்டில் கீற்று வந்தால் இந்தக் கால் டைல் நகர்த்தலை முதலில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

மேடைக்கல் மட்டமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டாவது வரிசையின் அடிமட்டத்தில் ஒரு நேரான சட்டத்தை ரசமட்டம் பார்த்து அடித்து, அதன் மேல் ஆரம்பித்து மேலே போங்கள். மறுநாள் சட்டத்தைக் கழற்றிவிட்டு முதல் வரிசையை மேடைக்கு ஏற்ற மாதிரி உயரத்தில் வெட்டிப் பதியுங்கள். சுவிட்ச் பெட்டி எங்கே வருகிறது என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மூலையும் டைல் இணைப்பும் ஒன்றின் மேல் ஒன்று வந்தால் அந்த இடத்தில் சின்ன நாக்கு மாதிரித் துண்டு வெட்ட வேண்டிவரும், நிற்காது.

இணைப்பை நிரப்புகிற நிறத்திலும் கவனம் வேண்டும். வெள்ளை டைலுக்குக் கறுப்பு இணைப்பு எடுப்பாக இருக்கும், ஆனால் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் தூரத்திலிருந்தே தெரியும். மேஸ்திரியின் கை மேல் முழு நம்பிக்கை இல்லாவிட்டால் டைலை ஒட்டிய நிறத்தையே எடுங்கள். தரையில் மரப்பலகைக்கும் இதே கதை, பலகையில் இருக்கிற நடுத்தரப் பழுப்பு நிறம் பெரும்பாலும் சரியாக அமையும். அடுப்புக்குப் பின்னால் இணைப்பை நிரப்ப எபாக்ஸி என்கிற பிசின் கலவைதான் போட வேண்டும், சிமெண்ட் கலவையில் மஞ்சளும் எண்ணெயும் இறங்கினால் அப்புறம் போகவே போகாது. பசை போட்டு ஒரு நாள் முழுதாகப் போன பிறகு இணைப்பில் பிதுங்கி நிற்கிற பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு நிரப்புங்கள். எபாக்ஸியை ஒரு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, நிரப்பின இடத்தை உடனுக்குடன் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு படிந்த படலத்தை மேட் டைலிலிருந்து எடுப்பது பெரும்பாடு.

கடைசியாகக் கூலி. மாற்றிப் பதிப்பதற்கும், பசை சீவுவதற்கும், கிளிப் போடுவதற்கும் நேரம் பிடிக்கும், நேர் இணைப்பு ரேட்டுக்கு இதைக் கேட்பது நியாயமில்லை. சதுர அடிக்கு எவ்வளவு கூடுதல் என்று முன்பே பேசி, எவ்வளவு தள்ளுவது, எத்தனை மிமீ இணைப்பு, எந்தத் திசை என்பதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மூன்று வரிசை பதித்ததும் வேலையை நிறுத்தச் சொல்லி, விளக்கைத் தரையோடு சாய்த்து அடித்துப் பாருங்கள், கையால் ஒவ்வொரு முனையையும் தடவிப் பாருங்கள். முனைகளில் ஏடிஎம் கார்டு தடிமனுக்கு மேல் தட்டினால், பசை ஈரமாக இருக்கும்போதே எடுத்து மாற்றலாம்.